சுவாச இயந்திரத்தில் எட்டாம் நாள்: 24 என்ற மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. 62 வயதான உங்கள் தந்தை நிமோனியாவால் மூச்சுத் திணறி, நம் ஊர் மருத்துவமனையிலேயே தொண்டையில் குழாய் போடப்பட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பப்பட்டார். இன்று எட்டாவது நாளாக ஐ.சி.யு.வில் சுவாச இயந்திரத்தில் இருக்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. மற்றபடி, இரண்டு மாதங்களுக்கு முன்புவரை காலையில் மாட்டுக்குப் புல் அறுத்து வந்தவர். தாதியாக வேலை செய்யும் உறவினர் ஒருவர், நோயின் கடுமையை அளக்கும் ‘அப்பாச்சி’ மதிப்பெண் அவருக்கு 24 என்றும், கைப்பேசிச் செயலியில் போட்டுப் பார்த்தால் இறக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு என்றும் சொல்லியிருக்கிறார். டாக்டரோ, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார். இருவரில் யாரை நம்புவது, அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள்.

உறவினர் சொன்ன எண் பொய்யில்லை. ஆனால் அது உங்கள் தந்தை என்ற ஒருவரைப் பற்றியதும் அல்ல, இந்த எட்டாம் நாளைப் பற்றியதும் அல்ல. டாக்டர் சொன்னது மழுப்பலாகத் தோன்றினாலும் முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அதுவே நேர்மையான பதில். எட்டாம் நாளில் அதைவிடச் சற்று அதிகமாகச் சொல்ல முடியும். அதை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். பல ஆண்டுகள் ஐ.சி.யு.வில் பணிபுரிந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் தந்தையை நான் பார்த்ததில்லை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

அப்பாச்சி 2 என்ற இந்தக் கணக்கை அமெரிக்காவில் வில்லியம் நாவ்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்டார்கள். ஐ.சி.யு.வில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் உடல் வெப்பம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன், உப்புச் சத்துகள், சிறுநீரகத்தின் நிலை, நினைவு என்று 12 அளவுகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாகப் போனதோ அதற்கேற்பப் புள்ளிகள் போட்டு, அவற்றோடு வயதுக்கும் பழைய நாள்பட்ட நோய்களுக்கும் புள்ளிகள் சேர்ப்பார்கள். அதிகபட்சம் 71. அந்தக் கணக்கில் 20-க்கும் 24-க்கும் இடைப்பட்டவர்கள், அறுவை சிகிச்சை இல்லாமல் நோயால் வந்து சேர்ந்தவர்களாக இருந்தால், ஏறக்குறைய நூறில் நாற்பது பேர் இறந்தார்கள். செயலி காட்டுவது இதைத்தான். ஆனால் அந்தப் புள்ளிவிவரம் 13 அமெரிக்க மருத்துவமனைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் திரட்டப்பட்டது. அதன்பின் சுவாச இயந்திரத்தைக் கையாளும் முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செலுத்தும் காற்றைப் பாதியாகக் குறைத்தாலே, நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் இறப்பு விகிதம் 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைகிறது என்று 2000-இல் வந்த ஆய்வு காட்டியது. 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மிக மோசமான நுரையீரல் உள்ளவர்களை நாளில் பெரும்பகுதி குப்புறப் படுக்க வைத்ததால் 28 நாளில் இறந்தவர்கள் 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தார்கள். பழைய மதிப்பெண் அட்டவணைக்கு இவை எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்தகைய மதிப்பெண்கள் பெரிதும் உதவுவது ஓர் ஐ.சி.யு.வை இன்னோர் ஐ.சி.யு.வோடு நியாயமாக ஒப்பிடத்தான். நோயாளியின் உறவினருக்குப் பதில் சொல்ல அல்ல. எதிர்பார்த்ததைவிட இங்கே அதிகம் பேர் இறக்கிறார்களா, குறைவாகவா என்று பார்க்க அவை மிக நன்றாக உதவும். நம் நாட்டின் தீவிர சிகிச்சைப் பதிவகமும் இதே வகையான சாப்ஸ் என்ற மதிப்பெண்ணை அதற்குத்தான் பயன்படுத்தி வருகிறது. செம்பனைத் தோட்டத்தில் இன்னும் பழுக்காத கருங்குலைகளை எண்ணி, வரும் மாதங்களில் இந்தப் பிளாக்கிலிருந்து எத்தனை டன் இறங்கும் என்று தோட்டக் கணக்கரான கிராணி ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவார். நான்காவது வரிசையில் ஏழாவது மரம் எவ்வளவு தரும் என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். நூறு பேருக்குச் சரியாக இருக்கும் கணக்கு ஒருவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

எண் எப்படி வழிதவறும் என்பதைச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பாம்புக்கடி. குலை வெட்டப் போன இளைஞர் ஒருவரை நாகம் தீண்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விஷம் தசைகளை முடக்க, கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு நின்றுபோகும் நிலையில் இயந்திரத்தில் இணைக்கிறார்கள். கண்ணைத் திறக்கவோ கையை அசைக்கவோ அவரால் முடியாது. நினைவுநிலையை அளக்கும் அளவுகோலில் அப்படியே குறித்தால் 15-க்கு 3, அதாவது மிகக் கீழான நிலை. அப்பாச்சி கணக்கில் அந்த ஒன்றுக்கே 12 புள்ளிகள் ஏறிவிடும். ஆனால் அவருடைய மூளை முழு விழிப்போடு, கட்டிலருகே நாம் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். விஷமுறிவு மருந்து கிடைத்து, சில நாள் இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுத்தால், அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் தந்தைக்குக் குழாய் போடும்போதே மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். மயக்கத்தில் இருப்பவரின் நினைவுநிலையை ஒருவர் 3 என்று குறிப்பார். மருந்துக்கு முன் நன்றாகப் பேசினாரே என்று இன்னொருவர் 15 என்று குறிப்பார். இந்த ஒரே முடிவால் 24 என்பது 12 ஆகிவிடக்கூடும். உறவினர் பார்த்த எண்ணில் நினைவுநிலைக்கு எத்தனை புள்ளி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அது தெரியாமல் அந்த விழுக்காட்டைப் பற்றி இரவெல்லாம் கவலைப்படுவதில் பொருளில்லை.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். பாராகுவாட் களைக்கொல்லியை நம் தோட்டத்துப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்; மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. அது வயிற்றுக்குள் போனவர்கள் முதல் நாள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், இரத்த அழுத்தமும் நாடியும் ஏறத்தாழச் சரியாக இருக்கும், மதிப்பெண்ணும் குறைவாகவே வரும். பிறகுதான் நுரையீரல் நாளுக்கு நாள் இறுகித் தழும்பாகிப் போகும்; சுவாச இயந்திரத்தால் அதைத் திருப்ப முடிந்ததில்லை. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் முற்றிலும் வேறு கதை. நுரையீரலில் இரத்தம் கசிந்து, சிறுநீரகம் செயலிழந்து, கண் மஞ்சளித்து, மதிப்பெண் எக்கச்சக்கமாக ஏறிய நிலையில் வரும் இளம் தொழிலாளியின் உயிரை அந்த முதல் சில நாள்கள் காப்பாற்றிவிட்டால், சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை மதிப்பெண் என்பதல்ல. எந்த நோய், அது திரும்பக்கூடியதா என்பதுதான். உங்கள் தந்தைக்கு வந்திருப்பது நிமோனியா. எந்தக் கிருமி என்று தெரிந்து அதற்கு ஏற்ற மருந்து கிடைத்துவிட்டால், அது திரும்பக்கூடிய நோய்தான்.

ஊர் மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டவர்கள் விஷயத்தில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. ஈப்போ போய்ச் சேர்வதற்குள் இரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் சரிசெய்திருப்பார்கள். கணக்கோ ஐ.சி.யு.வுக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது. அதனால் உண்மையான நிலையைவிட மதிப்பெண் குறைவாகவும் காட்டக்கூடும். எனவே 24 என்பது கூடுதலா குறைவா என்று இங்கிருந்து சொல்ல யாராலும் முடியாது.

இனி எட்டாம் நாளுக்கு வருவோம். இந்தக் கட்டத்தில் முதல் நாளின் எண்ணைவிட, நிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதிகம் பேசும். அதற்கென்றே 1996 முதல் சோஃபா என்ற எளிய மதிப்பெண் வழக்கத்தில் இருக்கிறது. நுரையீரல், இரத்த ஓட்டம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தம் உறையும் திறன், மூளை ஆகிய ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை தினமும் போடுவார்கள். பெல்ஜியத்தில் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் முதல் 48 மணி நேரத்தில் இந்த மதிப்பெண் ஏறிக்கொண்டே போனவர்களில் குறைந்தது பாதிப் பேர் இறந்தார்கள் என்று காட்டியது. இறங்கியவர்களின் கதி அதைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் மதிப்பெண் போட வேண்டியதில்லை. பார்வை நேரத்தில் கட்டிலருகே நிற்கும்போது இயந்திரத்தின் திரையில் விழுக்காட்டுக் குறியோடு ஓர் எண் தெரியும். அது அவருக்குச் செலுத்தப்படும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு. சாதாரணக் காற்றில் அது 21. முதல் நாள் 80 ஆக இருந்து இன்று 40 ஆக இருந்தால், அதே நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமல் இருந்தால், நுரையீரல் தேறி வருகிறது என்று பொருள். மருத்துவர்கள் இரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை இந்தப் பங்கால் வகுப்பார்கள். அழுத்தம் 80, பங்கு 0.8 என்றால் 100; அது மிகக் கடுமையான பாதிப்பின் எல்லை. அதே 80, பங்கு 0.4 என்றால் 200. ஐம்பது நாடுகளில் நடத்தி 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், நுரையீரல் இரண்டும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் லேசான நிலையினரில் சுமார் 35 விழுக்காட்டினரும், நடுத்தர நிலையினரில் 40 விழுக்காட்டினரும், கடுமையான நிலையினரில் 46 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

இந்த மூன்று எண்களுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தில் இருப்பவர்களில் பலரும் மூச்சுப் போதாமல் இறப்பதில்லை. கிருமித் தொற்று உடலெங்கும் பரவி உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுவதால்தான் இறக்கிறார்கள். ஆகவே ஆக்சிஜனோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நோர்அட்ரினலின் என்ற மருந்து ஓடுகிறதா, அதன் வேகம் கூடுகிறதா குறைகிறதா? டயாலிசிஸ் தேவைப்படுகிறதா, சிறுநீர் தானாக வருகிறதா? மயக்க மருந்தை நிறுத்தினால் கூப்பிட்ட குரலுக்குக் கண் திறக்கிறாரா? நுரையீரல் ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டு மற்றவை நிலையாக இருந்தால், எட்டாம் நாளிலும் நான் நம்பிக்கையோடுதான் பேசுவேன். மூன்று உறுப்புகள் ஒரு வாரத்துக்கு மேலாகத் தேறாமல் இருந்தால் அப்படிப் பேச மாட்டேன்.

ஒரு நாள் ஏறுவதையும் ஒரு நாள் இறங்குவதையும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். காலையில் 40 ஆக இருந்த ஆக்சிஜன் மாலையில் 60 ஆனதற்குச் சளி அடைத்தது மட்டுமே காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள்களின் போக்கைப் பாருங்கள்.

அடுத்து வருவது இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் கட்டம். நோய் தணிந்தபின் மயக்க மருந்தைக் குறைத்து, இயந்திரத்தின் துணையை ஏறக்குறைய எடுத்துவிட்டு, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அவரே மூச்சுவிட முடிகிறதா என்று பார்ப்பார்கள். அப்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று என்பதால் வகுத்து, 105-க்குக் கீழே இருந்தால் நல்ல அறிகுறி என்று 1991 முதல் வழக்கில் உள்ளது. சின்னச் சின்னதாக வேகமாக மூச்சிரைப்பவருக்கு இந்த எண் ஏறிவிடும். எல்லாம் தேறிக் குழாயை எடுத்தவர்களிலும் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை மீண்டும் குழாய் போடவேண்டி வருகிறது. அப்படி நடந்தால் அது பின்னடைவுதான், முடிவு அல்ல.

கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றலாம் என்று டாக்டர் சொன்னால், நம் குடும்பங்களில் உடனே அழுகை தொடங்கிவிடும். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் எண்ணுகிறார் என்பதே அதன் பொருள். மயக்க மருந்து குறைவாகவே தேவைப்படும், வாயில் குழாய் இருக்காது, உட்கார வைக்கவும் எளிது. பிரிட்டனில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இதை முதல் நான்கு நாளில் செய்தாலும் பத்து நாள் கழித்துச் செய்தாலும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. அவசரப்படுத்தவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

மூன்று வாரங்களைத் தாண்டினால் கணக்கு வேறு. அப்போது வயது, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, இரத்த அழுத்த மருந்து, டயாலிசிஸ் ஆகிய நான்கை மட்டும் வைத்து, ஓராண்டு உயிரோடு இருப்பாரா என்பதை ஓரளவு கணிக்கும் முறை உண்டு. உங்களுக்கு இன்று அது தேவையில்லை.

மாட்டுக்குப் புல் அறுத்தவர் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நோய்க்கு முன் ஒருவர் எவ்வளவு உரமாக இருந்தார் என்பதை இப்போது ஒன்று முதல் ஒன்பது வரை அளக்கும் முறை, 2005-இல் ஏழு படிகளோடு தொடங்கியது. வயதானவர்களிடம், பல நேரங்களில் இரத்தப் பரிசோதனைகளுக்குத் தெரியாததை அது சொல்கிறது. அறுபது வயதிலேயே வீட்டுக்குள் பிடித்துப் பிடித்து நடந்தவரும், எழுபத்தைந்திலும் சைக்கிளில் கடைக்குப் போய்வந்தவரும் செயலிக்கு வெறும் வயதாகத்தான் தெரிவார்கள். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கட்டிலில் குழாய்களோடு கிடப்பவரைத்தான் அவர் பார்த்திருக்கிறார், அரிவாளோடு நின்றவரை அல்ல. இனிப்பு நீரைப் பொறுத்தவரை, அது சிறுநீரகத்தையும் இருதயத்தையும் முன்பே கெடுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிளினிக்கில் கொடுத்த பழைய புத்தகத்தை எடுத்துச் சென்று காட்டுங்கள்.

பிழைப்பாரா என்று மட்டும் கேட்கிறீர்கள். எந்த நிலையில் பிழைப்பார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பிழைத்தவர்களைக் கனடாவில் ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஐ.சி.யு.வை விட்டு வரும்போது உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஓராண்டுக்குப் பின் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் நாற்பதுகளில் இருந்தவர்கள். தசை கரைந்துபோவதும், மறதியும், கெட்ட கனவும், மனச்சோர்வும் வரும் என்று இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட நாள் இயந்திரத்தில் இருந்தவர்களின் குடும்பத்தாரில் 93 விழுக்காட்டினர், ஓராண்டுக்குப் பின் அவர் உயிரோடு இருப்பார் என்று நம்பினார்கள். இருந்தவர்கள் 56 விழுக்காடு. பெரிய குறையில்லாமல் நடமாடியவர்கள் 9 விழுக்காடு மட்டுமே. மருத்துவர்களோ 44 விழுக்காட்டினர்தான் பிழைப்பார்கள் என்று குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இரு தரப்பும் தவறியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மருத்துவரின் அவநம்பிக்கைக்கும் ஓர் ஆபத்து உண்டு. தேறமாட்டார் என்று எண்ணிச் சிகிச்சையை மேலும் கூட்டாமல் விட்டால் அவர் இறந்துவிடுவார்; கணிப்பு பலித்ததாகப் பதிவாகும். பழைய புள்ளிவிவரங்களுக்குள்ளும் இப்படிப்பட்ட மரணங்கள் கலந்திருக்கின்றன. அதனால்தான் நான் எந்த விழுக்காட்டையும் முழுமையாக நம்புவதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணன், மாமா, பெரியப்பா என்று ஆளுக்கொரு நேரம் போய்க் கேட்காமல், குடும்பத்தில் ஒருவரை மட்டும் டாக்டரிடம் பேச வையுங்கள். இருப்பாரா போவாரா என்று கேட்டால் எந்த மருத்துவரும் பின்வாங்குவார். மாறாக, ‘டாக்டர், மூன்றாம் நாளோடு ஒப்பிட்டால் இன்று மேலா, கீழா? அடுத்த ஐந்தாறு நாளில் எது நடந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்வீர்கள், எது நடந்தால் கவலைப்படுவீர்கள்?’ என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாள்வரை முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்த நாளில் மறுபடியும் உட்கார்ந்து பேசுவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது பல ஐ.சி.யு.க்களில் உள்ள முறைதான்.

அம்மாவிடம் நாற்பது விழுக்காடு என்று சொல்ல வேண்டாம். அந்த எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லாதீர்கள். பிறகு உங்கள் சொல்லை அவர் நம்பமாட்டார். நோய் பெரியது, இறக்கவும் கூடும், ஆனால் குணமாகக்கூடிய நோய், இந்த வாரம் தெரிந்துவிடும் என்று சொல்லுங்கள். தொலைவிலுள்ள பிள்ளைகள் வந்து பார்க்க வேண்டுமென்றால் இப்போதே வரச்சொல்லுங்கள். அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மயக்கம் குறையும் நேரத்தில் பழகிய குரல் காதில் விழுந்தால் நோயாளி சற்று அமைதியாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாளிலும் இன்றும் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு, நோர்அட்ரினலின் ஓடுகிறதா, சிறுநீர் எவ்வளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்ற விவரங்கள் கிடைத்தால் மறுபடியும் எழுதுங்கள். இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.